அவசரத்தில் செய்தது

கூடத்தில் கிடந்த பழைய டீப்பாயின் கால் அன்றைக்கு ஒடியாமல் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஒடிந்தது. அதுவும் மாமனார் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து ஒடிந்தது. காபித் தட்டோடு டீப்பாய் ஒரு பக்கமாக மண்டி போட, பெரிய மாப்பிள்ளை பாய்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு டம்ளரிலிருந்துகூடச் சிந்தவில்லை. அவருடைய கை அப்படி.

"விட்டுத் தள்ளுங்க. நம்ம கடையில மரம் சும்மாதான் கிடக்கு. நானே ஒண்ணு அடிச்சுக் கொண்டாந்து போட்டுடறேன்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"வேண்டாம் சகலை. நானே செஞ்சுக்கறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது அந்த வீட்டுக்காரர், சின்ன மாப்பிள்ளை. தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவருக்கே கொஞ்சம் திகைப்புத்தான்.

"எதைச் செய்யப் போறீங்க?" என்றார் மாமனார்.

"டீப்பாயைத்தான் மாமா."

மாமனாரின் தொப்பை முதலில் குலுங்கியது, சிரிப்பு அப்புறம்தான் வந்தது. "செய்ங்க மாப்ளே, தாராளமா செய்ங்க. எதுக்கும் தண்ணிக் குழாய் எங்க ஓடுதுன்னு ஒரு தடவை பாத்துக்கிட்டு ஆரம்பிங்க!"

வீடே சிரித்தது. சின்ன மாப்பிள்ளையின் மனைவியும் சிரித்தாள். அவரும் வழக்கம்போலச் சிரித்து வைத்தார்.

அந்தத் தண்ணிக் குழாய்க்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னார்கள். அவர் அடித்தார். சுவருக்குள் ஓடிய குழாயில் போய் ஆணி இறங்கி, தண்ணீர் பீறிட்டு, கூடம் முழுக்கக் கணுக்கால் ஆழம். மாமனார் காலமெல்லாம் கட்டட கான்ட்ராக்டராக இருந்தவர். மனிதர்களை அவர்களின் கையைப் பார்த்துத்தான் எடை போடுவார். அன்றைக்கே எடை போட்டு முடித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் குடும்பக் கூட்டமும் அந்தக் கதை இல்லாமல் நிறைவு பெற்றதில்லை. புதிதாக உறவில் சேர்கிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்வதே அந்தக் கதையால்தான்.

மூத்த மகளை ஏசி மெக்கானிக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவர் சொந்தமாகக் கடை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். மரவேலையும் அவருக்குக் கைவந்த வித்தை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே வீட்டுக் குழாய்கள் ஒழுகுவதை நிறுத்திக்கொள்ளும் என்று உறவில் சொல்வார்கள். மாமியார் காலமான பிறகு மாமனார் மூத்த மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். இளைய மகளைக் கட்டிய சின்ன மாப்பிள்ளை டயர் மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்காளர். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர், வேலையில் ஒரு புள்ளி தவறாதவர். ஆனால் வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட அவர் மனைவி அக்கா வீட்டுக்குத்தான் போன் போடுவாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மரக்கடைக்குப் போய் நின்றார்.

"எந்த மரம்? என்ன கனம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"டீப்பாய்க்கு" என்றார் இவர்.

கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலை பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று சொல்லி, வெளிறிய நிறத்தில் இருந்த பைன் பலகைகளை எடுத்துப் போட்டார். ரம்பம், உளி, சுத்தியல், இழைப்புளி, மூலைமட்டம் என்று தேவையானதையும் தேவையில்லாததையும் வாங்கிக்கொண்டு, ஒரு கல்யாணச் சீர் போல ஆட்டோவில் ஏற்றி வந்தார் சின்ன மாப்பிள்ளை. மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தைக் காலி செய்தார். செல்போனை ஒரு பெயின்ட் டப்பா மேல் சாய்த்து வைத்து, யாரோ ஒருவர் ஊமையாக மரம் அறுக்கும் வீடியோக்களைப் பார்த்து வேலையைத் தொடங்கினார்.

வீடியோவில் ரம்பம் வெண்ணெயில் போவதுபோல் போனது. இவருடைய ரம்பம் போட்ட கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாப் பக்கமும் போனது. நாலு காலும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும் என்று ஒன்றைக் குறைத்தார். மற்றவை நீண்டுவிட்டன. அவற்றைக் குறைத்தார். முதலாவது நீண்டுவிட்டது. இப்படியே போனால் டீப்பாய் போய் மணை ஆகிவிடும் என்று தெரிந்ததும், அந்தக் கால்களை ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்பவும் மரக்கடைக்குப் போனார். கடைக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. அதே பலகையை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

காலில் துளை தோண்டி, குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி அதற்குள் இறுக நுழைக்க வேண்டும். ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம், சுலபம். ஆனால் பெரிய மாப்பிள்ளை ஸ்க்ரூ தலையைப் பார்த்ததும் என்ன சொல்வார் என்று இவருக்குத் தெரியும். அதனால் தோண்டினார். முதல் துளை எலி வளை மாதிரி இருந்தது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதில் உளி வழுக்கி இடது கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அலுவலகத்தில் கட்டோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். யாராவது என்ன சார் ஆச்சு என்று கேட்டால், "மரவேலை" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு கனம் ஏறும்.

மனைவிக்கு முதலில் எரிச்சல்தான். காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள், சாம்பாரில் கூட மரத்தூள் என்று முணுமுணுத்தாள். ஆனாலும் ஒருநாள் மேல் பலகையை அறுக்கும்போது அதன் மறுமுனை தொங்கி ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள்.

"ஆடாம பிடி."

"நான் ஆடலை. நீங்கதான் ஆடறீங்க."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பலகை விழும்வரை அவள் பிடித்த பிடியை விடவில்லை. அறுந்து விழுந்த துண்டை அவள் எடுத்து மோந்து பார்த்தாள். "நல்லா வாசனையா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் இன்னும் பல ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டினார்.

டீப்பாய் முடிந்தது. வார்னிஷ் காய்ந்ததும் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் வைத்தார். ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. லேசாகத் தட்டினால் தலையாட்டியது. கம்பெனியிலிருந்து டயர் டியூப் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து, வட்டமாக வெட்டி, அந்தக் காலடியில் ஒட்டினார். ஆட்டம் முக்கால்வாசி நின்றது. முன்கால் ஒன்றில் இழைப்புளி இடறிய வடு இருந்தது. மூட்டுகளில் இடைவெளி தெரிந்த இடங்களில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருந்தார். வெயில் படும்போது அந்த இடங்கள் பற்களுக்கு நடுவே சிக்கிய சோறு மாதிரி வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும். அவர் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்து அதன் நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் நின்றது. படித்ததோ வேலைக்குப் போனதோ எதுவும் அவருக்கு இப்படி இனித்ததில்லை.

"எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் கண் மட்டும் அந்தக் காலடி ரப்பரிலேயே நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை.

மாமனார் வீட்டாரை மறு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அழைத்தது அவர்தான். அதற்குள் கம்பெனியில் வெளியூர்க் கிளையின் சரக்கிருப்பைச் சரிபார்க்க அவரை அனுப்பிவிட்டார்கள். அங்கே குடோனில் டயர்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம் அவருக்கு நினைப்பு கூடத்தில்தான் இருந்தது. மாமனார் எந்த நாற்காலியில் உட்காருவார், முதலில் எதைப் பார்ப்பார், அப்போது தான் எங்கே நிற்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு வீட்டுக்குள் நுழைந்தார். கூடம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. டீப்பாய் நடுவில் இருந்தது. அவர் பையை அதன் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அது ஆடவில்லை.

குனிந்து காலடியைத் தடவினார். ரப்பர் இல்லை. முன்காலில் இழைப்புளி வடு இல்லை. நிறமும் வேறு. கரும்பழுப்பில் கண்ணாடி போல மின்னியது. மூட்டுகளில் தலைமுடிகூட நுழையாது. தரையில் மண்டியிட்டு அடிப்பக்கம் பார்த்தார். நாலு காலும் தேக்கு. பாலிஷ் படாத உட்பக்கத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"என்ன அதுக்குள்ள கீழே உட்காந்துட்டீங்க? முதல்ல போய்க் குளிங்க" என்று சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு செஞ்சது?"

"கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னேன். அவ்வளவுதான்."

"யார்கிட்ட?"

"அத்தான்கிட்ட" என்றாள் மெதுவாக. அக்கா வீட்டுக்காரரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "வந்து பாத்தாரு. பாலிஷ் மட்டும் போட்டா நிக்காது, கால் எல்லாம் கோணலா இருக்கு, பாரம் வச்சா பிரிஞ்சுடும்னாரு. கடைக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் அவரே உட்காந்து செஞ்சாரு. வேற ஆள்கிட்டகூடக் குடுக்கலை, தெரியுமா?"

"என்னோடது என்ன மிச்சம் இருக்கு இதுல?"

"மேல் பலகை உங்களோடதுதான்." கொஞ்சம் தயங்கினாள். "அதையும் கொஞ்சம் இழைச்சாரு."

"என் கால் எங்கே?"

யாராவது வெளியே நின்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அத்தான் கடையிலயே இருக்கு. ஏசிப் பெட்டிக்கு முட்டுக் குடுக்க ஆகும்னாரு."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவியும் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "நான் கெட்டதுக்கா செஞ்சேன்? அப்பா வந்து உட்காருவாரு, கையை வைப்பாரு, அது ஆடும். அவர் ஒண்ணு சொல்லுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. நீங்களும் கூடச் சேந்து சிரிப்பீங்க. எத்தனை வருஷமா அதைப் பாத்துட்டிருக்கேன் தெரியுமா? இந்தத் தடவை என்னால முடியாதுங்க. ஒரு நாளாவது உங்களை நல்லவிதமா சொல்லட்டுமேன்னுதான்."

கல்யாணமான நாள் முதல் அந்தச் சிரிப்பு அவளுக்கும் வலித்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்காக அவள் மேல் பிரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவள் முடிவுகட்டியிருக்கிறாள் என்பதுதான் போய்ப் போய்க் குத்தியது. மற்றவர்களுக்கு முந்தியே அவளே அதைப் பார்த்துச் சிரித்து முடித்தாகிவிட்டது, மனசுக்குள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் கார் வந்து நின்றது.

மாமனார் உள்ளே வந்ததும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு டீப்பாயைச் சுற்றி வந்தார். மூட்டை விரலால் தடவினார். விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். கட்டடத்தில் வேலை ஆட்களின் வேலையைப் பார்ப்பவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இது உங்க கைவேலையா மாப்ளே?" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

"பின்னே? ராத்திரி பகல்னு பாக்காம உட்காந்து செஞ்சாரு" என்றாள் மனைவி, கணவனை முந்திக்கொண்டு.

மாமனாரின் கண் அவரைவிட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் இதுவரை அவர் பார்த்திராத ஒன்று இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அவருக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"ஆமா மாமா" என்றார்.

"அடேங்கப்பா" என்று மாமனார் அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பு இருந்தது. இடது கட்டைவிரலில் தழும்பும் இருந்தது. அவை மட்டும் பொய் இல்லை. "இந்தக் கைக்குள்ள இவ்வளவு வேலை ஒளிஞ்சிருந்ததா? நான்தான் ஆளைத் தெரியாம பேசிட்டேன்."

"நானே செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது மாமா" என்று பெரிய மாப்பிள்ளை எடுத்துக்கொடுத்தார். அவர் முகத்தில் நல்ல மனசு வழிந்தது. மைத்துனி, பெரிய மாப்பிள்ளையின் மனைவி, தன் வீட்டுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு வேண்டும் என்றாள். சாப்பாடு நடந்தது. அந்தக் குடும்பத்தில் முதல் முறையாக, கேலி இல்லாமல் பேச்சு அவரையே சுற்றி வந்தது. ஒவ்வொரு கவளமும் தொண்டையில் மரத்தூள் மாதிரி இறங்கியது.

கை கழுவும் இடத்தில் பெரிய மாப்பிள்ளை பின்னாலேயே வந்து தோளில் தட்டினார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சகலை. உயிரே போனாலும் என் வாயிலேருந்து வராது. நமக்குள்ளதானே?"

"ரொம்ப தேங்க்ஸ் சகலை" என்றார் இவர். வேறு என்ன சொல்ல முடியும்?

கிளம்பும்போது மாமனார் வாசலில் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு, "மாப்ளே, முழங்கால் ரொம்பப் படுத்துது. நாற்காலியில உட்காந்தா காலைத் தூக்கி வைக்க ஒரு சின்ன ஸ்டூல் இருந்தா தேவலை. கடையில வாங்கலாம். ஆனா உங்க கையால ஒண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். அந்தக் காலண்டர் ஆணிக்குப் பிறகு அவர் இந்த மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றாலும் மகளிடம்தான் கேட்பார்.

"செஞ்சு தர்றேன் மாமா."

கார் தெருமுனை திரும்பியதும் மனைவி, "அத்தான்கிட்டயே சொல்லிடலாங்க. அவரே முடிச்சு நம்ம வீட்டுக்கு அனுப்பிடுவாரு. நீங்க கொண்டு போய்க் குடுத்தாப் போதும்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஸ்டூலை அவரே செய்தார். இந்தத் தடவை தேக்கு வாங்கினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு தட்டி வைத்து மறைத்து, அலுவலகம் போகும்போது அதைக் கட்டிவிட்டுப் போனார். மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. பலகையின் மறுமுனையைப் பிடிக்க யாரும் இல்லாததால் ஒரு டிரம்மில் சாய்த்து வைத்து அறுத்தார். அறுத்ததில் பிடிக்காததைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப அறுத்தார். பெரிய மாப்பிள்ளையின் மூட்டு எப்படி இருக்கிறது என்று கூடத்துக்குப் போய்க் குனிந்து பார்ப்பதும், திரும்பி வந்து தன் மூட்டைப் பார்ப்பதுமாக மாதங்கள் போயின. மாமனார் போனில் பேசும்போதெல்லாம் மகளிடம், "அவசரப்படுத்தாதே. நல்ல வேலைக்காரனை அவசரப்படுத்தக் கூடாது" என்றாராம்.

ஒருவழியாக முடிந்தது. முதல் டீப்பாயைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கற்றுக்குட்டி வேலை கற்றுக்குட்டி வேலைதான். ஒரு மூட்டில் தீக்குச்சி நுழையும். மேல் பலகை ஒரு பக்கம் இம்மி சரிந்திருந்தது. நாலு காலும் தரையில் படிந்தாலும், வேகமாகக் கால் வைத்தால் லேசாக முனகும். இதற்கு மேல் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. யாருடைய கையும் படாமல், முதல் அறுப்பிலிருந்து கடைசி வார்னிஷ்வரை தான் மட்டுமே செய்த பொருள். வேறு யாரும் மாற்றாமல் முழுசாக அவருடையதாகவே நின்ற முதல் வேலை அதுதான்.

ஸ்கூட்டரில் மனைவி அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனார்கள். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக்கூட வரச் சொல்லி உட்கார வைத்திருந்தார். "நம்ம சின்ன மாப்பிள்ளை வேலையைப் பாருங்க" என்று சொல்லி, சுற்றியிருந்த துணியைத் தானே பிரித்தார்.

பிரித்தவர் ஸ்டூலைத் திருப்பினார். விரல் மூட்டுக்குப் போனது. நகம் அந்த இடைவெளியில் இறங்கியது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. தரையில் வைத்து ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தார். அது முனகியது.

"மழை நேரத்துல மரம் இப்படித்தான் சத்தம் போடும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து போய்விட்டார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"குடுங்க மாமா" என்று பெரிய மாப்பிள்ளை கையை நீட்டினார். "வர்ற வழியில இடிபட்டிருக்கும். ஒரு அரை மணி நேரம் குடுங்க, நான் இறுக்கிடறேன்."

"நீங்க எதுக்கு மாப்ளே தொடணும்?" என்றார் மாமனார். "அவருக்குத் தெரியாத வேலையா? அந்த டீப்பாயை நான்தான் பாத்தேனே. அதுல ஒரு இடத்துல நகம் இறங்கலை." அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "நான் காலமெல்லாம் ஆள் வச்சு வேலை வாங்கினவன். கை வராம கெட்டுப்போற வேலை வேற, மனசு வராம கெட்டுப்போற வேலை வேற. அந்த வித்தியாசம்கூடவா எனக்குத் தெரியாது?"

"அப்பா..." என்றாள் மனைவி.

"நீ சும்மா இரும்மா. இத்தனை வருஷமா நான் அவரைக் கேலி பண்ணியிருக்கேன். பெரியவன்னு பொறுத்துக்கிட்டாரு. ஆனா மனசுல வச்சிருந்திருக்காரு. உங்க வீட்டுக்குன்னா அப்படி, கேட்டு வாங்கற கிழவனுக்குன்னா இது போதும். சரிதான். தப்பு என் மேலதான் மாப்ளே, மன்னிச்சுக்கங்க." வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

சின்ன மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். பெரிய மாப்பிள்ளை சீலிங் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார். மைத்துனி சமையலறை வாசலில் ஒன்றும் புரியாமல் நின்றாள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். இல்லை மாமா, அதுதான் பொய், இதுதான் நான் என்று சொன்னால் போதும். அப்புறம் இவள் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பாள்? பெரிய மாப்பிள்ளை மாமனாரோடு இதே வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்? எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு மிஞ்சுவது என்ன? டீப்பாயும் செய்யத் தெரியாத, ஸ்டூலும் செய்யத் தெரியாத, பொய் மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை.

மாதக்கணக்காக அறுத்து, எறிந்து, மறுபடி அறுத்த அந்த ஸ்டூலைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"ஆமா மாமா. அவசரத்துல செஞ்சுட்டேன்."

மாமனார் தலையாட்டினார். அதைத்தான் எதிர்பார்த்ததுபோல. "எடுத்து உள்ளே வைம்மா" என்று மூத்த மகளிடம் சொல்லிவிட்டுக் காலைக் கீழே இறக்கிக்கொண்டார். யாரும் சாப்பிடச் சொல்லவில்லை என்று இல்லை. சொன்னார்கள். சாப்பிட்டார்கள். பேச்சு வெயிலைப் பற்றியும் பெட்ரோல் விலையைப் பற்றியும் இருந்தது.

அதற்குப் பிறகு மாமனார் அவரைக் கேலி செய்வதை அடியோடு நிறுத்திக்கொண்டார். அவர் போனால் எழுந்து நின்று, "வாங்க, உட்காருங்க" என்கிறார். பெட்டி படுக்கையோடு தெரியாதவர் வந்தாலும் அப்படித்தான் சொல்வார். கால் வைக்கக் கடையிலிருந்து மெத்தை தைத்த ஸ்டூல் ஒன்று வந்துவிட்டது. சின்ன மாப்பிள்ளை செய்தது குளியலறையில், வெந்நீர் வாளிக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் பட்டுப் பட்டு வார்னிஷ் வெளுத்துவிட்டது. ஆனால் பிரியவில்லை. நிறைவாளியையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கை கால் கழுவப் போகிற சாக்கில் அவர் மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

ஸ்டூலைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குத் திரும்பும் வழியில் மனைவி ஸ்கூட்டரில் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் ஒரு லாரி புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

"என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அவர் லாரியைப் பார்த்தபடியே கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. மடியில வச்சுக்கிட்டுத்தானே வந்தே. அந்த ஸ்டூல் எப்படி இருந்தது?"

அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிடக் கூடாதே என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"நல்லா இல்லைங்க" என்றாள். "ஒரு பக்கம் சரிஞ்சிருந்தது. மூட்டுல சந்து தெரிஞ்சது."

"ம்."

"ஆனா உழைச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சது."

"இதை அந்த டீப்பாயைப் பாத்தப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

அவள் அழுகிறாள் என்பது முதுகில் பட்ட மூச்சில் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அமுக்கத் தொடங்கிவிட்டார்கள்.